லெட் செப்பெலினின் வேர்களைக் காதால் தேடுவது எப்படி

லெட் செப்பெலின் என்ற ஆங்கில ராக் குழுவைப் பற்றிய துணுக்குச் செய்திகளுக்குப் பஞ்சமே இல்லை. 1970 பிப்ரவரியில் கோபன்ஹேகனில் அவர்கள் 'த நாப்ஸ்' என்ற மாற்றுப் பெயரில் மேடையேறினார்கள். செப்பெலின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு சீமாட்டி, தன் குடும்பப் பெயரை இவர்கள் பயன்படுத்தக் கூடாது என்று வழக்குப் போடப்போவதாகச் சொன்னதுதான் காரணம். படிக்கச் சுவையான செய்திதான். ஆனால் இதைத் தெரிந்துகொண்டதால் அவர்களுடைய எந்தப் பாட்டும் புதிதாகக் காதில் விழப்போவதில்லை. நான் தேடுவது வேறு வகை. தகவல் தெரிந்த நொடியிலிருந்து பாட்டு மாறிவிட வேண்டும். இத்தனை நாள் கேட்காமல் விட்ட ஓர் ஓசை இனி ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும். அப்படிப்பட்ட செய்திகளைச் சேர்க்க நான் பழகிக்கொண்ட வழியைச் சொல்கிறேன்.

இதற்கு வாத்தியம் வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. காதை முழுக்க மூடும் ஹெட்ஃபோன், நினைத்த இடத்தில் நிறுத்திப் பின்னால் தள்ளிக் கேட்கும் வசதி, கோடு போட்ட ஒரு நோட்டு, இவை போதும். கைபேசியின் ஸ்பீக்கரில் மட்டும் கேட்காதீர்கள். அதில் பாஸ் கிடாரும் கால் டிரம்மும் கரைந்துபோகும். இந்தக் குழுவில் அவை இரண்டும் போனால் மிஞ்சுவது பாதிப் பாட்டு.

பெயர்களிலிருந்து தொடங்குங்கள்

ஒவ்வொரு பாட்டின் பக்கத்திலும் எழுதியவர் பெயர் அச்சாகியிருக்கும். பெரும்பாலோர் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். நீங்கள் அங்கே நில்லுங்கள். முடிந்தால் பழைய இசைத்தட்டின் உறையையும் புதிய மறுபதிப்பின் உறையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெயர்கள் மாறியிருக்கும் இடத்தில்தான் தோண்ட வேண்டும்.

1969 ஜனவரியில் வந்த முதல் ஆல்பத்தில் 'பேப் ஐ'ம் கோனா லீவ் யூ' பாட்டுக்கு நேரே 'மரபுப் பாட்டு, அமைப்பு ஜிம்மி பேஜ்' என்ற பொருளில் போட்டிருந்தது. குழுவின் கிடார் கலைஞர் பேஜும் பாடகர் ராபர்ட் பிளான்ட்டும் அதை அறிந்தது அமெரிக்கப் பாடகி ஜோன் பயஸின் 1962 கச்சேரிப் பதிவு வழியாக. ஆனால் அது யாரோ காலங்காலமாகப் பாடிவந்த நாட்டுப்பாட்டு அல்ல. 1950களில் கலிஃபோர்னியாவில் ஆன் பிரெடன் என்ற பெண் எழுதியது. பின்னாளில் வந்த பதிப்புகளில் அவர் பெயர் சேர்ந்துவிட்டது. 'டேஸ்ட் அண்ட் கன்ஃப்யூஸ்ட்' பாட்டுக்குப் பல ஆண்டுகள் பேஜ் பெயர் மட்டும். இப்போது 'ஜேக் ஹோம்ஸிடமிருந்து ஊக்கம் பெற்றது' என்ற சேர்க்கை. 'த லெமன் சாங்' பாட்டுக்கு முதலில் குழுவினர் நால்வர் பெயரும். பிறகு செஸ்டர் பர்னெட் பெயரும். ஹவ்லிங் உல்ஃப் என்று உலகம் அறிந்த, ப்ளூஸ் என்ற அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையைப் பாடியவரின் இயற்பெயர் அது.

இப்படிக் கிடைக்கும் ஒவ்வொரு பெயரையும் நோட்டில் ஒரு பக்கத்தின் தலைப்பாக எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பக்கத்தை நிரப்புவதுதான் அடுத்த வேலை.

மூலத்தை முதலில் கேளுங்கள்

இதில் நான் கறாராக இருக்கிறேன். செப்பெலினைக் கேட்டுவிட்டு மூலத்துக்குப் போனால், 'அட, இதுதான் அதா?' என்று ஒப்பிட்டுவிட்டு முப்பது நொடியில் அணைத்துவிடுவோம். மூலம் வெறும் ஆதாரமாகச் சுருங்கிவிடும். முதலில் மூலத்தையே தனியாக, அது அந்த நாளில் வந்த புதுப் பாட்டு என்று எண்ணி, பலமுறை கேளுங்கள். அதன் பாடகர் எங்கே மூச்சு விடுகிறார், எந்தச் சொல்லை இழுக்கிறார் என்பது மனதில் தங்கிய பிறகு செப்பெலினுக்கு வாருங்கள்.

வந்ததும் பக்கத்தை நாலாகப் பிரித்து நாலு கேள்விக்குப் பதில் எழுதுங்கள். சொற்கள் எங்கிருந்து வந்தன? மெட்டு அல்லது கிடார் ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் சிறு கிடார் துண்டு, எங்கிருந்து? பாட்டின் கட்டமைப்பு எங்கிருந்து? ஓசை, அதாவது பாடும் தோரணையும் பதிவின் நிறமும், எங்கிருந்து? 'இவர்கள் திருடினார்கள்', 'இல்லை, எல்லோரும் அப்படித்தான்' என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து பேசுபவர்கள் இந்த நாலையும் ஒன்றாகக் குழப்பிவிடுகிறார்கள். பிரித்துப் பார்த்தால் பதில் ஒவ்வொரு பாட்டுக்கும் வேறாக இருக்கும்.

'ஹோல் லாட்டா லவ்' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1969இல் வந்த இரண்டாம் ஆல்பத்தின் முதல் பாட்டு. இதற்கு மூன்று பதிவுகள் தேவை. முதலாவது, ப்ளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸ் 1962இல் பாடிய 'யூ நீட் லவ்', வில்லி டிக்சன் எழுதியது. அதைக் கேட்கும்போது குரலுக்குப் பின்னால் ஓடும் கிடாரைக் கவனியுங்கள். அது ஏர்ல் ஹூக்கர் வாசித்தது. ஹூக்கர் வாத்தியத்தில் மட்டும் வாசித்துப் பதிந்து வைத்திருந்த ஒரு துண்டின் மேல் மடி வாட்டர்ஸ் பின்னர் பாடினார். குரலும் கிடாரும் ஒன்றையொன்று துரத்தாமல் தனித்தனியாக மிதப்பதுபோல் இருப்பதற்கு இதுவே காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. முதல் ஆல்பத்தில் செப்பெலின் எடுத்தாண்ட 'யூ ஷுக் மீ' பாட்டின் மடி வாட்டர்ஸ் பதிவும் இதே முறையில் உருவானதுதான்.

இரண்டாவது, லண்டன் குழுவான ஸ்மால் ஃபேசஸ் 1966இல் பதிந்த 'யூ நீட் லவிங்'. பாடியவர் ஸ்டீவ் மேரியட். அவர்களும் டிக்சன் பெயரைப் போடவில்லை. மேரியட் சொற்களைக் கிழித்து, உச்சத்தில் கத்தி, இடையிடையே தன் சொந்தச் சொற்களைத் தூவுகிறார். மூன்றாவதாகச் செப்பெலினைப் போடுங்கள். பிளான்ட் பாடத் தொடங்கியதும் தெரிந்துவிடும்: சொற்கள் டிக்சனுடையவை, தோரணை மேரியட்டினுடையது. ஆனால் அந்த ரிஃப்? முந்தைய இரண்டு பதிவுகளிலும் அது இல்லை. அது பேஜுடையது. நடுவில் தாளம் மட்டும் ஓட, தொடாமலே வாசிக்கும் தெரமின் என்ற மின்கருவி ஊளையிட, ஒலி இடக்காதிலிருந்து வலக்காதுக்குத் தாவும் பகுதியும் அவர்களுடையதே. அதை ஒலிப்பொறியாளர் எட்டி கிராமரும் பேஜும் கலவை மேசையில் வைத்துக் கட்டினார்கள்.

டிக்சன் 1985இல் வழக்குப் போட்டார். 1987இல் நீதிமன்றத்துக்கு வெளியே தீர்வானது. அவர் பெயர் இப்போது பாட்டில் இருக்கிறது. முதல் நாளிலேயே இருந்திருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. 1962 அக்டோபரில் மான்செஸ்டரின் ஃப்ரீ டிரேட் ஹாலில் அமெரிக்க ப்ளூஸ் கலைஞர்கள் கச்சேரி செய்தபோது, பதினெட்டு வயது பேஜ் லண்டனிலிருந்து நண்பர்களோடு வேனில் போய்க் கேட்டவர். அந்த மேடையில் பாஸ் வாசித்தவர் வில்லி டிக்சன். தெரியாத ஆளின் பாட்டு என்று சொல்ல இடமே இல்லை.

ஒரு பாட்டில் நீண்ட நேரம் தங்குங்கள்

பத்துப் பாட்டை மேலோட்டமாகத் தேடுவதைவிட ஒன்றில் ஆழ இறங்குவது நல்லது. எந்த ஒன்று என்று கேட்டால் தயங்காமல் சொல்வேன்: 1971இல் வந்த, பெயரே இல்லாத நாலாவது ஆல்பத்தின் கடைசிப் பாட்டு, 'வென் த லெவி பிரேக்ஸ்'.

மூலம் 1929இல் பதிவானது. கான்சாஸ் ஜோ மெக்காய், மெம்ஃபிஸ் மின்னி என்ற தம்பதி. 1927இல் மிசிசிப்பி ஆறு கரை உடைத்துப் பெருக்கெடுத்தபோது லட்சக்கணக்கானோர் வீடிழந்தார்கள். அவர்களில் மிகப் பலர் கறுப்பின விவசாயக் கூலிகள். அந்த வெள்ளத்தைப் பற்றிய பாட்டு இது. கேட்டால் முதலில் ஏமாற்றமாக இருக்கலாம். இரண்டு கிடார், ஒரு குரல், அவ்வளவுதான். வெள்ளத்தின் ஓலம் எங்கே என்று தேடாதீர்கள். மின்னியின் கிடார் துள்ளலாக, நிற்காமல் ஓடுகிறது. குரல் ஏறக்குறைய உணர்ச்சியைக் காட்டாமல் சொல்லிக்கொண்டே போகிறது. எல்லாம் இழந்தவர் வேலை செய்துகொண்டே பேசுவதுபோல. அந்த நிதானம் எனக்கு அழுகையைவிடக் கனமாகத் தெரிகிறது.

இங்கே ஒரு செய்தி. செப்பெலின் உறையில் குழுவினர் நால்வரோடு மெம்ஃபிஸ் மின்னி பெயரும் இருக்கிறது. நல்ல காரியம். ஆனால் 1929 பதிவில் பாடும் குரல் ஜோ மெக்காயினுடையது. அவர் பெயர் அங்கே இல்லை. இதைத் தெரிந்துகொண்டு மறுபடி மூலத்தைக் கேளுங்கள். பெயர் விடுபட்ட ஒருவரின் குரலைக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

இப்போது செப்பெலின். நாலு கேள்விகளையும் போடுங்கள். சொற்கள் பெரும்பாலும் மூலத்திலிருந்து. மெட்டு? கிட்டத்தட்ட எதுவும் இல்லை. கட்டமைப்பு? மூலம் நேரான ப்ளூஸ். இது ஏழு நிமிடத்துக்கு ஒரே சுழலில் கிடந்து, எப்போதாவது வேறு பக்கம் திரும்பி, மீண்டும் அதே சுழலுக்குள் விழுகிறது. ஓசைதான் எல்லாம். அந்த டிரம் ஓசைக்குக் காரணம் ஒரு மாடிப்படி.

ஹாம்ப்ஷயரில் ஹெட்லி கிரேஞ்ச் என்று ஒரு பழைய கட்டடம். 1795இல் ஏழைகளைத் தங்கவைத்து வேலை வாங்கும் இல்லமாகக் கட்டப்பட்டது. நடமாடும் ஒலிப்பதிவு வண்டியை வெளியே நிறுத்திவிட்டு, குழு உள்ளே தங்கிப் பதிவு செய்தது. ஜான் பான்ஹமின் டிரம்ஸைக் கூடத்தில், மூன்று தளமாக மேலேறும் படிக்கட்டின் அடியில் வைத்தார்கள். ஒலிப்பொறியாளர் ஆண்டி ஜான்ஸ் டிரம்முக்கு அருகில் மைக் வைக்காமல், மேலே படிக்கட்டிலிருந்து இரண்டு பேயர்டைனமிக் எம்160 மைக்குகளைத் தொங்கவிட்டார். வந்த ஒலியை நசுக்கிக் கனமாக்கி, பின்சன் எக்கோரெக் என்ற எதிரொலிக் கருவி வழியாகவும் அனுப்பினார்கள். ஒவ்வோர் அடிக்கும் பின்னால் ஒரு சின்ன நிழல் அடி கேட்கிறதே, அது அந்தக் கருவியின் வேலை. அடிக்குப் பிறகு விரிகிற காற்று அந்தக் கூடத்தினுடையது. மூலத்தில் சொல்லாமல் விட்ட வெள்ளத்தை இவர்கள் அறையின் ஒலியால் கொண்டுவந்தார்கள் என்பது என் கணிப்பு. இந்தப் பாட்டில் கொடுத்ததும் பெற்றதும் நேர்மையாக இருப்பதாக நினைக்கிறேன், ஜோவின் பெயர் தவிர.

ஹார்மோனிகா மிகத் தாழ்ந்து, சேற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருப்பதையும் கவனியுங்கள். வாசித்ததைவிட வேகத்தைக் குறைத்து நாடாவை ஓட்டியிருக்கிறார்கள். கூடவே பேஜுக்குப் பிடித்த உத்தி ஒன்று: எதிரொலியைத் தலைகீழாக்கி, ஓசை வருவதற்கு முன்னாலேயே அதன் எதிரொலி கேட்கும்படி செய்வது. ஹெட்ஃபோன் வேண்டும் என்று சொன்னது இதற்காகத்தான்.

மென்மையான பக்கத்தையும் தேடுங்கள்

ப்ளூஸ் வேர்களோடு நிறுத்திவிடுகிறவர்கள் அதிகம். எனக்கு அதைவிடப் பிரியமானது இன்னொரு கிளை: 1960களின் பிரிட்டிஷ் நாட்டுப்பாட்டு கிடார்.

இந்தக் கிளையில் கிடார் கலைஞர் டேவி கிரஹாமிலிருந்து தொடங்க வேண்டும். அவர் மொராக்கோ போய்வந்தவர். அங்கே ஊத் என்ற அரபுத் தந்தி வாத்தியத்தோடு சேர்ந்து வாசிப்பதற்கு வசதியாகக் கிடாரின் ஆறு கம்பிகளையும் வேறுவிதமாகச் சுருதி சேர்த்தார். கம்பிகளின் ஸ்வரப் பெயர்களைச் சேர்த்து 'டாட்கேட்' என்று கிடார்காரர்கள் சொல்வது அந்தச் சுருதியைத்தான். அதில் தாழ்ந்த கம்பிகள் தம்புராவைப்போல் நின்று ஒலிக்கும். மேலே மெட்டு ஓடும். கிரஹாம் அதில் வாசித்த 'ஷி மூவ்ட் த்ரூ த ஃபேர்' என்ற ஐரிஷ் மெட்டைக் கேளுங்கள். பிறகு, பேஜ் யார்ட்பேர்ட்ஸ் குழுவில் இருந்தபோது 1967இல் பதிந்த 'வைட் சம்மர்'. உறவு உடனே விளங்கும்.

அடுத்து ஒரு சிறு பிரிவு. ஆன் பிரிக்ஸ் என்ற ஆங்கிலப் பாடகி 'பிளாக்வாட்டர்சைட்' என்ற மரபுப் பாட்டைத் துணை வாத்தியம் இல்லாமல் பாடிவந்தார். அதை அவரிடமிருந்து கற்ற ஸ்காட்லாந்துக் கிடார் கலைஞர் பெர்ட் ஜான்ஷ், தானே ஒரு கிடார் அமைப்பை உருவாக்கி 1966இல் பதிந்தார். செப்பெலினின் முதல் ஆல்பத்தில் இருக்கும் 'பிளாக் மவுன்டன் சைட்' அந்தக் கிடார் அமைப்பை மிக நெருக்கமாகப் பின்பற்றுகிறது. சொற்கள் கிடையாது, கூட விரம் ஜசானியின் தபலா. உறையில் பேஜ் பெயர் மட்டும். பாட்டு மரபுப் பாட்டாக இருக்கலாம்; ஆனால் ஜான்ஷின் விரல்கள் கண்ட வழி மரபு அல்லவே. இதை நான் நோட்டில் 'கடன்' என்றே எழுதிவைத்திருக்கிறேன்.

டாட்கேட் சுருதி கடைசியாக எங்கே போய்ச் சேர்ந்தது தெரியுமா? 1975இல் வந்த 'காஷ்மீர்' பாட்டில். பாட்டின் சொற்களைப் பிளான்ட் எழுதியது தெற்கு மொராக்கோவின் பாலைவனச் சாலையில் வண்டி ஓட்டிப் போனபோது. காஷ்மீரை அவர் அப்போது பார்த்ததே இல்லை. கிரஹாம் மொராக்கோவிலிருந்து கொண்டுவந்த சுருதியும், பிளான்ட் மொராக்கோவிலிருந்து கொண்டுவந்த சொற்களும் அந்தப் பாட்டில் கூடுகின்றன.

'காஷ்மீர்' கேட்கும்போது ஒரு பயிற்சி செய்யுங்கள். வலது கையால் டிரம்ஸைப் பின்பற்றி 'தகதிமி' என்று நாலு நாலாகப் போடுங்கள். அது பழகியதும், வாயால் கிடாரைப் பின்பற்றி 'தகிட' என்று மூன்று மூன்றாகச் சொல்லுங்கள். கையும் வாயும் விலகிப்போய்ப் பன்னிரண்டு எண்ணிக்கையில் ஒன்று சேரும். பாட்டு நடந்துகொண்டே இருப்பதுபோலவும், எங்கும் போய்ச் சேராததுபோலவும் தோன்றுவது இந்த விலகலாலும் கூடலாலும்தான். தாளம் போட்டுப் பழகிய நமக்கு இது சீக்கிரம் பிடிபடும்.

'கேலோஸ் போல்' பாட்டையும் விட்டுவிடாதீர்கள். தூக்குமேடையில் நிற்கும் ஒருவர், தன்னை மீட்கப் பொன் கொண்டுவந்தீர்களா என்று உறவினர் ஒவ்வொருவரையும் கேட்கிற பழைய கதைப்பாட்டு அது. பிரிட்டனிலிருந்து அமெரிக்கா போய், அங்கே லெட் பெல்லி போன்றோர் பாடி, ஃப்ரெட் கெர்லாக்கின் பதிவு வழியாகப் பேஜிடம் வந்தது. பல பழைய வடிவங்களில் காதலர் வந்து மீட்டுவிடுவார். செப்பெலின் வடிவத்தில் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்ட தூக்குக்காரன் கயிற்றை இழுத்துவிடுகிறான். கடைசியில் வேகம் எடுக்கும் பாஞ்சோவைப் பேஜே வாசித்தார்.

டிரம்மரைத் தனியாகப் பின்தொடருங்கள்

ஒரு முழு மாலையைப் பான்ஹமுக்கு ஒதுக்குங்கள். குரலையும் கிடாரையும் காதிலிருந்து தள்ளிவைத்து டிரம்ஸை மட்டும் பிடித்துக்கொள்ளப் பழக வேண்டும். சிறிது நேரத்தில் வந்துவிடும்.

'ராக் அண்ட் ரோல்' பாட்டின் தொடக்கம் லிட்டில் ரிச்சர்டின் 1957 பாட்டான 'கீப் எ-நாக்கின்' தொடக்கம். அங்கே வாசித்தவர் சார்லஸ் கானர். இரண்டையும் அடுத்தடுத்துப் போடுங்கள். அந்தத் தொடக்கம் கேட்பவரைத் தடுமாற வைப்பது ஏன் தெரியுமா? மூன்றாம் தட்டிலிருந்து அரை இடம் தள்ளி எடுக்கிறார்கள். முதல் அடியையே 'ஒன்று' என்று எண்ணினால், கிடார் வரும்போது கணக்கு உதைக்கும்.

முதல் ஆல்பத்தின் முதல் பாட்டு 'குட் டைம்ஸ் பேட் டைம்ஸ்'. அதில் கால் டிரம்மில் படபடவென்று விழும் அடிகளைக் கேளுங்கள். வனில்லா ஃபட்ஜ் குழுவின் கார்மைன் அப்பிஸிடமிருந்து பான்ஹம் பிடித்துக்கொண்ட உத்தி அது. அவர் அதை ஒரே பெடலில், ஒரே காலால் வாசித்தார். பத்தாண்டுகள் தள்ளி, 1979இன் 'ஃபூல் இன் த ரெய்ன்' பாட்டில் ஸ்நேர் டிரம்மின் மேல் பட்டும் படாமலும் விழும் மெல்லடிகளைக் கேளுங்கள். அமெரிக்க டிரம்மர் பெர்னார்ட் பர்டியின் பாணி. ஸ்டீலி டான் குழுவின் 1977 பாட்டான 'ஹோம் அட் லாஸ்ட்' பர்டியே வாசித்தது. ஜோடியாகக் கேட்க ஏற்றது. முரட்டு அடிக்காரர் என்று பான்ஹமைச் சொல்பவர்கள் இந்தப் பாட்டை ஒருமுறை டிரம்ஸுக்காக மட்டும் கேட்க வேண்டும்.

'மோபி டிக்' ரிஃப்பை பாபி பார்க்கரின் 1961 பாட்டான 'வாட்ச் யுவர் ஸ்டெப்' பக்கத்தில் வையுங்கள். 'டிராம்பிள்ட் அண்டர் ஃபுட்' பாட்டில் குழுவின் பாஸ் கலைஞர் ஜான் பால் ஜோன்ஸ் வாசிக்கும் கிளாவினெட் என்ற விசைப்பலகை வாத்தியத்தை ஸ்டீவி வொண்டரின் 'சூப்பர்ஸ்டிஷன்' பக்கத்தில் வையுங்கள். அதே பாட்டின் சொற்களில் பெண்ணைக் காராக வர்ணிப்பது ராபர்ட் ஜான்சனின் 1936 பாட்டான 'டெராபிளேன் ப்ளூஸ்' வழி. 'பிளாக் டாக்' பாட்டில் குரல் தனியாக வந்து, நிறுத்தி, பிறகு வாத்தியங்கள் பதில் சொல்லும் அமைப்புக்கு ஃப்ளீட்வுட் மேக்கின் 1969 பாட்டு 'ஓ வெல்'. அதே பாட்டில் ஒவ்வொரு முறையும் வாத்தியங்கள் நுழைவதற்கு முன் பான்ஹம் குச்சிகளைத் தட்டிக் காலம் காட்டுவது மெல்லக் கேட்கும்.

பதிவில் தங்கிப்போன ஓசைகள்

இது வேறு வேட்டை. வேர்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் காதைக் கூராக்க இதைவிட நல்ல பயிற்சி இல்லை.

'சின்ஸ் ஐ'வ் பீன் லவிங் யூ' முழுக்கப் பான்ஹமின் கால் பெடல் கீச்சிடுகிறது. ஒருமுறை பிடிபட்டால் பிறகு விடவே விடாது. 'த ஓஷன்' பாட்டில் ஒன்றரை நிமிடம் தாண்டியதும் எங்கோ தொலைபேசி மணி அடிக்கிறது. 'பிளாக் கன்ட்ரி வுமன்' வெளியே தோட்டத்தில் பதிவானது. தொடக்கத்தில் விமானம் ஒன்று தலைக்கு மேல் போகிறது, பிளான்ட் இருக்கட்டும் என்கிறார். 'இன் மை டைம் ஆஃப் டையிங்' முடிவில் இருமல். 'ஹோல் லாட்டா லவ்' பாட்டில் நாலு நிமிடத்தை ஒட்டிக் குரல் தனியாக வரும் இடத்தில், பிளான்ட் பாடுவதற்கு முன்பே அதே வரி தொலைவிலிருந்து மங்கலாகக் கேட்கிறது. வேறொரு குரல்பதிவின் கசிவு அது. துடைக்க முடியாமல் போக, எதிரொலி சேர்த்து அழகாக்கிவிட்டார்கள்.

மூன்றாம் ஆல்பத்தில் 'ஃப்ரெண்ட்ஸ்' முடிவிலிருந்து நீளும் ரீங்காரம் 'செலிப்ரேஷன் டே' தொடக்கத்துக்குள் போகிறது. அங்கே இருக்க வேண்டிய டிரம்ஸ் தவறுதலாக அழிந்துபோனதால் ஓட்டையை இந்த ரீங்காரத்தால் அடைத்தார்கள். அதே 'ஃப்ரெண்ட்ஸ்' பாட்டைப் பேஜும் பிளான்ட்டும் 1972இல் பம்பாயில் உள்ளூர் இசைக் கலைஞர்களோடு மறுபடி பதிந்தார்கள்; 'ஃபோர் ஸ்டிக்ஸ்' பாட்டையும். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பெட்டியில் கிடந்த அந்தப் பதிவுகள் 2015இல் 'கோடா' ஆல்பத்தின் விரிவான மறுபதிப்பில் வெளிவந்தன. ஆல்பத்தில் உள்ள பதிவையும் பம்பாய்ப் பதிவையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டு, தந்தி வாத்தியங்கள் எப்படி வளைகின்றன என்று பாருங்கள்.

சிக்கலான இரண்டு பாட்டுகள்

நாலு கேள்வியும் கையில் இருந்தால் புகழ்பெற்ற சண்டைகளையும் நீங்களே எடைபோடலாம்.

ஜேக் ஹோம்ஸ் 1967இல் வெளியிட்ட 'டேஸ்ட் அண்ட் கன்ஃப்யூஸ்ட்' பாட்டைக் கேளுங்கள். டிரம்ஸே இல்லை. இறங்கி இறங்கி வரும் பாஸ், படபடக்கும் கிடார், பதைப்பான குரல். அந்த ஆண்டு ஆகஸ்டில் நியூயார்க்கில் அவர் யார்ட்பேர்ட்ஸ் கச்சேரிக்கு முன்னால் பாடினார். அந்தக் குழு பாட்டைத் தன் மேடைக்கு எடுத்துக்கொண்டது. பேஜ் அதைச் செப்பெலினுக்குக் கொண்டுவந்தார். பெயர் அதே, இறங்கும் பாஸ் அதே, மனநிலை அதே. சொற்கள் பெரிதும் மாறின. வயலின் வில்லால் கிடாரைத் தேய்க்கும் நடுப்பகுதி சேர்ந்தது. ஹோம்ஸ் 2010இல் வழக்குத் தொடுத்தார், சமரசமாக முடிந்தது. இதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. அவர் பாட்டு அது.

'ஸ்டேர்வே டு ஹெவன்' வேறு மாதிரி. ஸ்பிரிட் குழுவின் 1968 வாத்தியத் துண்டான 'டாரஸ்' இதன் தொடக்கத்தை ஒத்திருக்கிறது என்று 2014இல் வழக்கு வந்தது. 1968 டிசம்பரில் அமெரிக்காவில் செப்பெலினின் முதல் கச்சேரியே ஸ்பிரிட் பங்கேற்ற நிகழ்ச்சியில்தான். எனவே அறிமுகம் இருந்தது. 2016இல் நடுவர்கள் செப்பெலின் பக்கம் தீர்ப்பளித்தார்கள். 2020இல் மேல்முறையீட்டிலும் அது நின்றது. அந்தக் காலச் சட்டப்படி, பதிவுசெய்து வைத்த எழுத்து ஸ்வரத்தாளுக்கு மட்டுமே பாதுகாப்பு என்பதால், ஒப்பிடுவதற்காக 'டாரஸ்' இசைத்தட்டை நடுவர்களுக்குப் போட்டுக்காட்டவில்லை. உங்களுக்கு அந்தத் தடை இல்லை, இரண்டையும் கேளுங்கள். கேட்ட பிறகு, 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹென்றி பர்செல் 'டைடோ அண்ட் இனீயஸ்' ஓபராவில் டைடோ இறக்கும் முன் பாடும் புலம்பலையும் கேளுங்கள். அதன் பாஸிலும் இதேபோல் அரை அரை ஸ்வரமாக இறங்கும் வரிசை. அந்த இறக்கம் எவருக்கும் சொந்தமில்லை. 'டாரஸ்' அதைக் கிடாரில் மீட்டும் விதம் 'ஸ்டேர்வே'க்கு நெருக்கமானது. ஆனால் எட்டு நிமிடத்தில் படிப்படியாக ஏறிப்போகும் கட்டமைப்பு 'டாரஸ்' துண்டில் எங்கும் இல்லை. என் நோட்டில் மெட்டு என்ற கட்டத்தில் 'ஓரளவு' என்றும், மற்ற மூன்றிலும் 'இல்லை' என்றும் இருக்கிறது. உங்கள் காது வேறு சொன்னால் அதையே எழுதுங்கள்.

இன்றே தொடங்குவதானால் இந்த வரிசையில் போங்கள். மெம்ஃபிஸ் மின்னியும் கான்சாஸ் ஜோவும், பிறகு 'வென் த லெவி பிரேக்ஸ்'. ஆன் பிரிக்ஸ், பெர்ட் ஜான்ஷ், பிறகு 'பிளாக் மவுன்டன் சைட்'. பிளைண்ட் வில்லி ஜான்சன் 1927இல் பதிந்த 'இட்ஸ் நோபடீஸ் ஃபால்ட் பட் மைன்', பிறகு 1976இல் செப்பெலின் வெளியிட்ட 'நோபடீஸ் ஃபால்ட் பட் மைன்'. இந்த மூன்றாவது ஜோடியைப் பற்றி நான் வேண்டுமென்றே எதுவும் சொல்லவில்லை. ஜான்சனின் கண்ணாடிபோல் வழுக்கும் கிடாரையும் கரகரத்த குரலையும் கேட்டுவிட்டு, நாலு கட்டங்களையும் நீங்களே நிரப்புங்கள்.